வீசான்களுக்கிடையே வழித்தொடர்பு அறுந்தால் காரணம் காண்பது எங்ஙனம்?

கணிப்பொறியின் பெட்டிக்குள்ளேயே அதன் வட்டும் அடங்கியிருந்த காலத்தில், வட்டு தென்படவில்லை என்றால் பெட்டியைத் திறந்து பார்ப்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். பெரிய தரவு மையங்களில் நிலைமை அவ்வாறில்லை. கணக்கிடும் சர்வர் ஓர் அறையிலும், அதன் தரவைத் தாங்கும் வட்டுத் தொகுதி வேறோர் அறையிலும், சில சமயம் வேறொரு கட்டிடத்திலும் இருக்கின்றன. இவற்றை இணைப்பது ஒளியிழைகளும் ஸ்விட்சுகளும் சேர்ந்த ஒரு தனி வலை. இதற்குச் சேமிப்பு வலை என்று பெயர். சர்வர் தன் வட்டைக் காணவில்லை என்று முறையீடு வரும்போது, குறை இவ்வலையின் எந்த இடத்தில் உள்ளது என்று அறிவதே களப்பணியாளரின் முதல் வேலையாகும்.

அவ்வேலையில் ஓர் அபாயமும் கலந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற தேசிய மின் ஆளுகைத் திட்டத்தின் ஓர் அங்கமாக மாநிலத் தரவு மையங்கள் தோன்றிய பின்னர், பல துறைகளின் தரவு ஒரே கூடத்தில் தங்குவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. இத்தகைய கூடத்தில் ஒரு துறையின் குறையைத் தீர்க்க அவசரமாகக் கைவைப்பவர், பக்கத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த மற்றொரு துறையின் வேலையை நிறுத்திவிடக்கூடும். கருவூலத்தின் காப்புப் பிரதி எடுபடவில்லை என்று சரிசெய்யப் போய், மருத்துவமனையின் பதிவேட்டை மூடிவிட்டு வருவது யாருக்கும் நன்மையன்று. ஆகவே இக்கட்டுரை, எந்தக் கட்டளையை இடுவது என்பதைக் காட்டிலும், எதையும் மாற்றுமுன் எவற்றை எந்த வரிசையில் பார்ப்பது என்பதையே முதன்மையாகக் கூறும்.

ஒரு முன்குறிப்பு. ஸ்விட்ச், போர்ட், ஸோன், டொமைன் முதலிய சொற்களை இங்கு மொழிபெயர்க்கவில்லை. பொறியின் திரையில் தோன்றுவன அச்சொற்களே; களத்தில் நிற்பவர் தமிழ்ச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு திரையில் தேடித் தவிக்கலாகாது.

வீசான் என்பது யாது?

ஃபைபர் சேனல் முறையில் இயங்கும் ஸ்விட்சுகள் பல ஒன்றோடொன்று இணைந்த தொகுதிக்கு ஃபேப்ரிக் என்று பெயர். நெய்த துணி என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பொருத்தமான பெயரே, ஏனெனில் ஓரிடத்தில் இழை இழுபட்டால் துணி முழுவதும் சுருங்குகிறது. ஒரு ஸ்விட்ச் புதிதாகச் சேர்ந்தாலும் விலகினாலும் அச்செய்தி ஃபேப்ரிக் முழுவதும் பரவும். தலைமை ஸ்விட்ச் எது என்ற தேர்வே மறுபடி நடக்கலாம். ஆகையால் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ஸ்விட்சுகளை வாங்கித் தனித்தனி ஃபேப்ரிக்குகளாக வைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. செலவு மிகுதி, போர்ட்டுகள் பாதிக்குப் பாதி வீணாகக் கிடப்பதும் உண்டு.

2002-ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் தன் எம்.டி.எஸ். 9000 வரிசை ஸ்விட்சுகளுடன் இதற்கு ஒரு மாற்றைக் கொண்டுவந்தது. ஒரே ஸ்விட்சின் போர்ட்டுகளைப் பல கூட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கூட்டத்தையும் தனி ஃபேப்ரிக் போலவே நடத்துவது அம்முறை. இவ்வாறு பகுக்கப்பட்ட ஒவ்வொரு கூட்டமும் ஒரு வீசான் ஆகும். 2004-இல் ஃபைபர் சேனல் தரங்களை வகுக்கும் டி11 குழு இம்முறையைத் தரத்தில் சேர்க்க ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு வீசானுக்கும் ஓர் எண் உண்டு. எண் 1 ஸ்விட்சுடனேயே வருவது. எண் 4094 ஒதுக்கிவைக்கப்பட்ட போர்ட்டுகளுக்குரியது.

ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் இரு வீசான்கள் ஒன்றையொன்று அறியமாட்டா. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்ப் பதிவேடு, தனி ஸோன் பட்டியல், தனி வழிக்கணக்கு, தனி டொமைன் எண்கள் உண்டு. இக்கடைசிச் செய்தியை மாணவர் மறந்துவிடுகின்றனர். ஒரே ஸ்விட்சு வீசான் 10-இல் ஒரு டொமைன் எண்ணையும், வீசான் 20-இல் வேறொரு டொமைன் எண்ணையும் தாங்கி நிற்கும்.

நிற்க. இவ்வாறு முற்றும் பிரித்துவிட்ட பின்னர் ஒரு சங்கடம் எழுகிறது. எல்லாத் துறைகளின் சர்வர்களும் இரவில் ஒரே டேப் லைப்ரரியில் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். டேப் லைப்ரரியோ ஒரு வீசானில்தான் இருக்க முடியும். அதற்காக வீசான்களை ஒன்றாக இணைத்துவிட்டால், பிரித்ததன் பயன் போயிற்று. குறிப்பிட்ட இரு சாதனங்கள் மட்டும் எல்லை தாண்டிப் பேசவேண்டும், மற்றெதுவும் தாண்டலாகாது என்னும் தேவையை நிறைவேற்றுவதே வீசான்களுக்கிடை வழிப்படுத்தல், சுருக்கமாக ஐ.வி.ஆர். என்பர்.

பெயரும் முகவரியும்

ஐ.வி.ஆரில் தோன்றும் குறைகளுட் பல, பெயர் வேறு முகவரி வேறு என்பதை உணராமையால் விளங்காமற் போகின்றன. சேமிப்பு வலையில் ஒவ்வொரு சாதனத்திற்கும் ஆலையிலேயே பொறிக்கப்பட்ட 64 பிட் பெயர் ஒன்று உண்டு, இதற்கு டபிள்யூ.டபிள்யூ.என். என்று பெயர். சாதனம் எங்கே போனாலும் இப்பெயர் உடன் போகும். முகவரி அத்தகையதன்று. சாதனம் ஸ்விட்சில் இணைந்து தன் வரவைத் தெரிவிக்கும்போது, ஸ்விட்சு அதற்கு 24 பிட் கொண்ட முகவரி ஒன்றைத் தருகிறது. இது எஃப்.ஸி.ஐடி. எனப்படும். அதன் முதல் 8 பிட்டுகள் ஸ்விட்சின் டொமைன் எண். அடுத்த 8 பகுதி எண். கடைசி 8 போர்ட்டைக் குறிப்பது. டொமைன் எண்ணாக வரத்தக்கவை 1 முதல் 239 வரையுள்ள எண்களே.

வரவு தெரிவித்த சாதனம் அடுத்தபடியாக அந்த வீசானின் பெயர்ப் பதிவேட்டில் தன்னைப் பதிந்துகொள்கிறது. பிறகு, யார் யார் இருக்கிறார்கள் என்று அப்பதிவேட்டையே கேட்கிறது. ஸோன் பட்டியல் அனுமதிக்கும் பெயர்கள் மட்டுமே அதற்குக் காட்டப்படும். எனவே சர்வருக்கு டேப் லைப்ரரி தென்படவேண்டுமாயின், சர்வர் வாழும் வீசானின் பதிவேட்டில் டேப் லைப்ரரியின் பெயர் இடம் பெற்றாக வேண்டும். ஐ.வி.ஆர். செய்யும் முதல் வேலை இதுவே: ஒரு வீசானின் பதிவேட்டிலிருந்து ஒரு பெயரை எடுத்து மற்றொரு வீசானின் பதிவேட்டில் எழுதுவது.

கரும்பலகையில் வரையத்தக்க ஓர் எடுத்துக்காட்டு. முதற் கட்டிடத்தில் ஸ்விட்ச் அ. அதில் வீசான் 10. அவ்வீசானில் ஒரு சர்வர். இரண்டாங் கட்டிடத்தில் ஸ்விட்ச் ஆ. அதில் வீசான் 30. அவ்வீசானில் டேப் லைப்ரரி. இரு கட்டிடங்களையும் இணைக்கும் ஒளியிழையில் வீசான் 20 மட்டும் செல்கிறது. வீசான் 10-உம் 30-உம் ஓர வீசான்கள். 20 இடைவழி வீசான். அ, ஆ இரண்டும் எல்லை ஸ்விட்சுகள். டொமைன் எண்கள்: வீசான் 10-இல் அ-வுக்கு 11, வீசான் 20-இல் அ-வுக்கு 21, ஆ-வுக்கு 22, வீசான் 30-இல் ஆ-வுக்கு 31.

சர்வர் டேப் லைப்ரரிக்கு ஒரு ஃபிரேமை அனுப்பினால் அதன் சேருமிட முகவரி 31 என்ற டொமைனில் தொடங்கும். வீசான் 10-இல் உண்மையில் 31 என்ற ஸ்விட்ச் இல்லை. ஆனால் அ-வானது, 31 என் பின்னால் இருக்கிறது என்று வீசான் 10-க்கு அறிவித்து, ஒரு சாயல் டொமைனைக் காட்டி நிற்கிறது. ஃபிரேம் அ-வை அடைந்ததும் அதன் மீதுள்ள வீசான் குறியீடு 10 என்பது 20 என மாற்றப்படுகிறது. ஒளியிழை கடந்து ஆ-வை அடைந்ததும் 20 என்பது 30 ஆகிறது. முகவரி மாறவில்லை, குறியீடு மட்டுமே மாறியது.

முகவரி மாறாமையால் ஒரு நிபந்தனை ஏற்படுகிறது. இணைக்கப்படும் எல்லா வீசான்களிலும் உள்ள டொமைன் எண்கள் ஒன்றோடொன்று மோதாதிருத்தல் வேண்டும். இரு ஊர்களிலும் ‘வடக்குத் தெரு, 5-ஆம் எண்’ என்று ஒரு வீடு இருக்கலாம். ஊர்ப் பெயர் எழுதாமல் கடிதம் அனுப்பும் வழக்கமுள்ள வரையில், இரு ஊர்களுக்கும் பொதுவான தபால்காரர் வந்தவுடன் தொல்லை தொடங்கும். தெரு எண்களை மாற்றியமைப்பது ஒரு வழி. எல்லையில் நிற்பவர் கடிதத்தின் மேல் வேறொரு மாற்று முகவரி எழுதி அனுப்புவது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு முகவரி மாற்று முறை, அஃதாவது ஐ.வி.ஆர். நாட் என்று பெயர். அதனை ஏற்பதாயின் எல்லா எல்லை ஸ்விட்சுகளிலும் ஏற்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஏற்பது பயன் தராது.

பார்க்க வேண்டிய வரிசை

முறையீடு வந்தவுடன் கேட்கத்தக்க முதற் கேள்வி, இத்தொடர்பு முன்பு எப்போதாவது வேலை செய்ததா என்பதே. ஒருபோதும் வேலை செய்யாத தொடர்பு பெரும்பாலும் அமைப்புப் பிழையால் நின்றிருக்கும். நேற்று வரை நன்றாக இருந்து இன்று நின்ற தொடர்பில், இடையே எவரோ எதையோ மாற்றியிருப்பர். அல்லது ஏதோ ஒன்று பழுதுபட்டிருக்கும். இக்கேள்வியைக் கேளாமல் திரையின் முன் அமர்பவர், உள்ளதையெல்லாம் சந்தேகித்து உள்ளதையெல்லாம் மாற்றத் தொடங்குவார்.

அடுத்து, இரு சாதனங்களும் தத்தம் சொந்த வீசானில் வரவு தெரிவித்திருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். ஸ்விட்ச் அ-வில் ‘ஷோ ஃப்ளோகி டேட்டாபேஸ்’ என்று இட்டால் வரவுப் பட்டியல் வரும். சர்வரின் பெயர் வீசான் 10-இன் கீழ் உள்ளதா? ஆ-வில் டேப் லைப்ரரியின் பெயர் வீசான் 30-இன் கீழ் உள்ளதா? இல்லையெனில் ஐ.வி.ஆரைத் தொடவே வேண்டாம். இழை கழன்றிருக்கலாம், ஒளி அனுப்பும் சிறு செருகுறுப்பு மங்கியிருக்கலாம், வேகப் பொருத்தம் தவறியிருக்கலாம். போர்ட்டு வேறு வீசானுக்கு மாறியிருப்பதும் உண்டு. ஒரு வீசானை எவரேனும் நீக்கிவிட்டால் அதிலிருந்த போர்ட்டுகள் தாமாகவே 4094-க்குப் போய் ஒதுங்கிவிடும்; அங்கே நிற்கும் சாதனத்தால் யாருடனும் பேச இயலாது.

இருவரும் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பின்னர், பெயர் எல்லை தாண்டியதா என்று பார்க்கிறோம். ‘ஷோ எஃப்.ஸி.என்.எஸ். டேட்டாபேஸ் வீசான் 10’ என்று இட்டு, டேப் லைப்ரரியின் பெயர் அங்கே தோன்றுகிறதா என நோக்குக. பின்னர் வீசான் 30-இன் பதிவேட்டில் சர்வரின் பெயர் தோன்றுகிறதா என நோக்குக. இவ்விரண்டு பார்வைகளே முழு ஆராய்ச்சியையும் இரண்டாகப் பிளக்கின்றன. பெயர் தோன்றினால் ஐ.வி.ஆர். தன் கடமையைச் செய்துவிட்டது. குறை அதற்கு அப்பால். பெயர் தோன்றாவிட்டால் குறை ஐ.வி.ஆருக்குள்ளேயோ இடைவழியிலோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தோன்றி மறுபக்கம் தோன்றாவிட்டால், எல்லை ஸ்விட்சுகள் இரண்டும் ஒரே செய்தியை வைத்திருக்கவில்லை என்று சந்தேகிக்க இடமுண்டு. இக்குறிப்பைப் பலர் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்துப் பதிவேட்டைக் கண்டதும் திருப்தியடைந்துவிடுகின்றனர்.

பெயர் தோன்றாத நிலை

இதற்குரிய காரணங்கள் பல; அவற்றைத் தொடுவதற்கு எளிதானது முதல் வரிசையாகப் பார்த்தல் நலம்.

இடைவழி திறந்திருக்கிறதா? இரு ஸ்விட்சுகளுக்கும் நடுவேயுள்ள இணைப்பில் எந்தெந்த வீசான்கள் செல்ல அனுமதி என்ற பட்டியல் உண்டு. அதில் 20 விடுபட்டிருந்தால், இழை பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தாலும் வழி இல்லை. பட்டியலில் இருந்தும் அந்த வீசான் மட்டும் தனிமைப்படுத்தப்பட்டிருக்கலாம். விளக்கைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த இணைப்பின் நிலையை வீசான் வாரியாகத் திரையில் படித்தல் வேண்டும்.

ஐ.வி.ஆர். இரு எல்லை ஸ்விட்சுகளிலும் இயங்குகிறதா? பல ஸ்விட்சுகளில் இதற்குத் தனி உரிமம் தேவை. உரிமமின்றிச் சோதனைக் காலத்தில் இயக்கப்பட்ட ஸ்விட்சில், அக்காலம் முடிந்த நாளில் எல்லைத் தொடர்புகள் யாவும் ஒருசேர மறையும். ஒன்று மட்டுமன்றி எல்லாமே ஒரே நேரத்தில் மறைந்தன என்று கேள்விப்பட்டால் முதலில் உரிமத்தைப் பார்ப்பது அறிவுடைமை.

வரைபடப் பட்டியல் உண்மையோடு பொருந்துகிறதா? எந்த ஸ்விட்சில் எந்தெந்த வீசான்கள் உள்ளன என்ற வரைபடத்தை ஐ.வி.ஆர். தானே கண்டறியவும் கூடும். நாம் கையால் எழுதித் தரவும் கூடும். ‘ஷோ ஐ.வி.ஆர். வீசான்-டோபாலஜி’ அதனைக் காட்டும். கையால் எழுதிய பட்டியலில் ஸ்விட்சு அதன் டபிள்யூ.டபிள்யூ.என். பெயரால் குறிக்கப்படுகிறது. பழுதுபட்ட ஸ்விட்சின் முழுப் பெட்டியையும் மாற்றிப் புதுப்பெட்டி வைத்தால், புதியதற்குப் பெயர் புதிது. பழைய அமைப்பு முழுவதையும் எழுத்துக்கெழுத்து திரும்ப ஏற்றியிருப்பார்கள். அதில் ஒரு பிழையும் இராது. ஆயினும் வரைபடம் இல்லாத ஒரு ஸ்விட்சைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

ஸோனில் எழுதியிருப்பது சரியா? ஐ.வி.ஆர். ஸோனில் ஒவ்வோர் உறுப்பினரையும் பெயரோடு வீசான் எண்ணும் சேர்த்தே எழுதுகிறோம். சர்வரின் பழுதுபட்ட இணைப்பு அட்டையை மாற்றியிருந்தால் பெயர் மாறியிருக்கும். சர்வரை வீசான் 10-இலிருந்து 12-க்கு நகர்த்தியிருந்தால் பெயர் சரியாக இருந்தும் எண் பழையதாக இருக்கும். அன்றியும், எழுதிவைத்த ஸோன் தொகுதி வேறு, நடைமுறையில் உள்ள ஸோன் தொகுதி வேறு. ஊழியர் எழுதியதைப் படித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்பார். நடப்பில் இருப்பதோ போன மாதத்துத் தொகுதியாக இருக்கும். படிக்க வேண்டியது ‘ஷோ ஐ.வி.ஆர். ஸோன்செட் ஆக்டிவ்’ காட்டும் பட்டியலை. நடப்பிலுள்ள ஒவ்வோர் ஐ.வி.ஆர். ஸோனும் ஓர வீசான்களின் சாதாரண ஸோன் தொகுதிக்குள் ‘ஐ.வி.ஆர்.இஸட்’ என்ற முன்னொட்டுடன் சேர்க்கப்படுகிறது. வீசான் 10-இலும் 30-இலும் அம்முன்னொட்டைத் தேடினால், ஸோன் எந்தப் பக்கத்தில் சேரவில்லை என்பது உடனே புலனாகும்.

ஐ.வி.ஆர். மாற்றங்களை எல்லா ஸ்விட்சுகளுக்கும் பரப்பும் முறை இயக்கப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கலும் நேரிடலாம். மாற்றத்தைத் தொடங்கியவர் ‘ஐ.வி.ஆர். கமிட்’ என்று முடிவு கட்டாத வரையில், அவர் எழுதியது நடப்புக்கு வாராது. பிறர் எவரும் எழுதவும் இயலாதபடி பூட்டும் விழுந்திருக்கும். இப்பூட்டை வலிந்து நீக்க வழி உண்டு. ஆனால் நீக்கினால் அவர் எழுதிய அனைத்தும் போய்விடும். பூட்டியவர் யார் என்று திரையில் பார்த்து, அவரை அழைத்துக் கேட்பதே முறை.

டொமைன் எண்கள் மோதுகின்றனவா? முகவரி மாற்று முறை இல்லாத அமைப்பில் இது நிச்சயம் பார்க்கத்தக்கது. ஒவ்வொரு வீசானுக்கும் ‘ஷோ எஃப்.ஸி.டொமைன் டொமைன்-லிஸ்ட்’ இட்டு எண்களைத் தாளில் அடுத்தடுத்து எழுதுக. தனித்தனியே கட்டப்பட்ட இரு வீசான்களில் ஒரே எண் அமைந்திருப்பது அரிதன்று. மோதல் கண்டவுடன் எண்ணை மாற்றிவிடலாம் என்று தோன்றும். இங்கே நிதானம் வேண்டும். ஒரு வீசானில் டொமைன் எண்ணை மாற்றி நடப்புக்குக் கொணர்ந்தால், அந்த ஸ்விட்சில் அவ்வீசானைச் சேர்ந்த எல்லாச் சாதனங்களின் முகவரிகளும் மாறும். ஏ.ஐ.எக்ஸ்., எச்.பி-யூ.எக்ஸ். போன்ற இயக்க முறைகளில் வட்டின் பாதை முகவரியைப் பற்றியே அமைந்திருந்ததுண்டு. அத்தகைய சர்வர்கள் முகவரி மாறியதும் தம் சொந்த வட்டையே அடையாளம் காணமாட்டா. எல்லை தாண்டிய ஒரு தொடர்பைச் சீர்செய்ய எண்ணி, எல்லைக்குள்ளிருந்த பல தொடர்புகளை இழப்பது இவ்வாறுதான். சேவை நிறுத்த நேரம் முன்கூட்டியே அறிவித்தல் அல்லது மாற்று முகவரி முறைக்குச் செல்லுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் செய்யாமல் எண்ணைத் தொடலாகாது.

‘ஃபோர்ஸ்’ என்ற ஒரு சொல்

பெயர் தோன்றாமைக்குரிய காரணங்களுட் கடைசியாக ஒன்றைத் தனியே விரித்துரைக்க வேண்டியுள்ளது. மற்றவற்றில் தவறினால் குறை தீராது, அவ்வளவே. இதில் தவறினால் புதுக்குறை பிறக்கும்.

சில சிறிய மையங்களில் ஒரு வீசானில் ஸோன் எதுவுமே எழுதியிருக்கமாட்டார்கள். ஸோனில் சேராத சாதனங்களை எவ்வாறு நடத்துவது என்பதற்கு ஓர் இயல்பு விதி உண்டு. அது ‘பெர்மிட்’ என்று வைக்கப்பட்டிருக்கும். அஃதாவது எல்லோரும் எல்லோருடனும் பேசலாம். இது நல்ல வழக்கமன்று. எனினும் வேலை நடந்துகொண்டிருக்கும். இப்போது அந்த வீசானை ஓரமாகக் கொண்டு ஓர் ஐ.வி.ஆர். ஸோன் தொகுதியை நடப்புக்குக் கொணர முயன்றால் ஸ்விட்சு மறுக்கும். ஏனெனில் தன் ஸோனைச் சேர்ப்பதற்கு அங்கே நடப்பில் உள்ள தொகுதி எதுவும் இல்லை. மறுப்புடன், கட்டளையின் இறுதியில் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் செய்யலாம் என்பதையும் ஊழியர் கையேட்டில் காண்பார். சேர்த்து இடுவார். டேப் லைப்ரரி தோன்றிவிடும்.

ஆனால் அதே கணத்தில் அந்த வீசானில் முதன்முறையாக ஒரு ஸோன் தொகுதி நடப்புக்கு வருகிறது. அதுவரை இயல்பு விதியின் நிழலில் பேசிக்கொண்டிருந்த மற்றச் சாதனங்களுக்கு அந்த அனுமதி போய்விடும். ஐ.வி.ஆருடன் எவ்விதச் சம்பந்தமும் இல்லாத சர்வர்கள் தம் வட்டுகளை இழக்கும். முறையீடு தொலைபேசியில் வந்து சேர்வதற்குள் ஊழியர் வெற்றியுடன் கூடத்தை விட்டுப் புறப்பட்டிருப்பார். இத்தகைய வீசானில் செய்ய வேண்டியது, நடந்துகொண்டிருக்கும் தொடர்புகள் எல்லாவற்றையும் முதலில் பட்டியலிட்டு, அவற்றுக்குரிய சாதாரண ஸோன்களை எழுதி, அத்தொகுதியை ஒப்புக்கொண்ட நேரத்தில் நடப்புக்குக் கொணர்ந்து, சிலநாள் கண்காணித்த பின்னரே ஐ.வி.ஆர். ஸோனைச் சேர்ப்பது. மெதுவான வழிதான்.

இதைப் போலவே, நடப்பிலுள்ள ஐ.வி.ஆர். தொகுதியை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்ப்போம் என்ற யோசனையும் வேண்டாம். அணைத்த நொடியில் ஒழுங்காக இருந்த எல்லைத் தொடர்புகளும் அறும். திருத்திய தொகுதியை, பழையதை அணைக்காமலேயே அதன் மேல் நடப்புக்குக் கொணரலாம். மாறாத ஸோன்களுக்கு அதனால் ஊறு இல்லை.

பெயர் தோன்றியும் பயன் இல்லாத நிலை

இரு பதிவேடுகளிலும் பெயர் உண்டு. சர்வர் மட்டும் வட்டைக் காணவில்லை என்கிறது. இங்கே ஸ்விட்சு ஊழியரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது எனலாம். வட்டுத் தொகுதி எந்தச் சர்வருக்கு எந்தப் பகுதியைக் காட்டுவது என்று தன்னிடமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சர்வரின் பெயர் இல்லையெனில், வழி முழுவதும் திறந்திருந்தும் கதவு திறவாது. இணைப்பு அட்டை மாற்றிய பின்னர் ஸோனைத் திருத்தியவர்கள் இப்பட்டியலைத் திருத்த மறப்பது வழக்கம். இப்பட்டியல் வேறொருவர் பொறுப்பில் இருப்பதே அதற்குக் காரணம்.

வேறு நிறுவனத்து ஸ்விட்சு இடையில் இருந்தால், சாயல் டொமைனை அது ஏற்க மறுப்பதும் உண்டு. தலைமை ஸ்விட்சு வழங்கிய எண்களின் பட்டியலில் 31 இல்லையே என்று அது கருதும். சாயல் டொமைன்களையும் அப்பட்டியலில் சேர்க்குமாறு அமைப்பது இதற்குப் பரிகாரம். புரோகேட் ஸ்விட்சுகளில் இவ்வேலையைச் செய்யும் முறை வேறு. அங்கே எல்லை தாண்டும் ஸோனின் பெயரே ‘எல்சான்’ என்ற முன்னொட்டுடன் தொடங்கியாக வேண்டும். முன்னொட்டு விடுபட்ட ஸோன் தன் ஃபேப்ரிக்கிற்குள் மட்டுமே செல்லும்.

மற்றொரு வகைக் குறையில் சாதனம் தென்படும். சிறிய கட்டளைகள் சரியாகப் போகும். பெரிய தரவு மட்டும் நகராது. கட்டிடங்கள் தூரமாக உள்ள இடங்களில் இது நேரும். ஃபைபர் சேனலில், எதிர்முனை இடம் தந்தாலன்றி ஒரு ஃபிரேமையும் அனுப்புவதில்லை. தரப்பட்ட இடத்தின் எண்ணிக்கைக்குக் கிரெடிட் என்று பெயர். இதனை ஆசிரியர்கள் ஒரு கணக்காகவே சொல்லித்தரலாம். ஒளி இழையில் 1 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி ஆகும். 10 கிலோமீட்டர் தூரத்திற்குப் போகவர 100 மைக்ரோ வினாடி. 8 கிகாபிட் வேகத்தில் ஒரு முழு ஃபிரேமை வெளியேற்ற ஏறத்தாழ 2.5 மைக்ரோ வினாடி போதும். எனவே முதல் ஃபிரேமுக்கு மறுமொழி வருவதற்குள் 40 ஃபிரேம்கள் புறப்பட்டிருக்கலாம். அதற்கு 40 கிரெடிட் வேண்டும். கிரெடிட் 16 மட்டுமே இருந்தால் இழை பாதி நேரத்திற்கு மேல் வெறுமனே கிடக்கும். வழியில் குறையில்லை, இடந்தான் போதவில்லை. இக்குறையைத் தேடி ஸோன்களை மாற்றிப் பயன் என்ன?

வகுப்பறையில்

ஸ்விட்சு இல்லாத பள்ளியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் இப்பாடத்தை நடத்த இயலும். மாணவரை மூன்று வரிசையாக அமர்த்தி ஒவ்வொரு வரிசையையும் ஒரு வீசானாகக் கொள்க. வரிசைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பெயர்ப் பதிவேடு. வரிசைகளுக்கு நடுவே அமரும் இருவர் எல்லை ஸ்விட்சுகள். அவர்களிடம் மட்டும் அனுமதிச் சீட்டு இருக்கும். முதல் வரிசை மாணவர் மூன்றாம் வரிசை மாணவருக்குச் சீட்டு அனுப்பட்டும். எல்லையில் இருப்பவர் வரிசை எண்ணை அடித்துவிட்டு அடுத்த வரிசையின் எண்ணை எழுதி நகர்த்தட்டும். சரியாக நடந்த பின்னர், ஆசிரியர் யாருக்கும் தெரியாமல் ஒரு பிழையைப் புகுத்துக: ஓர் எல்லை மாணவரின் அனுமதிச் சீட்டில் பெயரை மாற்றலாம், இரு வரிசைகளில் இருவருக்கு ஒரே எண் தரலாம். பிழை எங்கே என்று மற்றவர்கள் நோட்டுப் புத்தகங்களைப் படிப்பதன் மூலம் மட்டுமே கண்டறிய வேண்டும். எவருடைய சீட்டையும் திருத்தக்கூடாது என்று விதி வைக்க வேண்டும்.

பின்வரும் இரு பயிற்சிகளை மாணவருக்கும் புதிதாகப் பணியில் சேர்ந்தோருக்கும் தரலாம்.

1. இரு கட்டிடங்களுக்கிடையே இழையின் நீளம் 25 கிலோமீட்டர். வேகம் 8 கிகாபிட். இழை இடைவிடாது நிரம்பியிருக்க எத்தனை கிரெடிட் தேவை? வேகம் 16 கிகாபிட்டாக உயர்ந்தால் ஒரு ஃபிரேமை வெளியேற்றும் நேரம் பாதியாகும். அப்போது எத்தனை தேவை?

2. மேலே கண்ட எடுத்துக்காட்டில் வீசான் 10-இல் நான்கு சர்வர்கள் உள்ளன. மூன்று சர்வர்கள் டேப் லைப்ரரியைக் காண்கின்றன. நான்காவது சர்வரின் இணைப்பு அட்டை நேற்று மாற்றப்பட்டது. அது வீசான் 10-இல் வரவு தெரிவித்திருக்கிறது. ஆனால் வீசான் 30-இன் பதிவேட்டில் அதன் பெயர் இல்லை. உரிமம், இடைவழி, வரைபடப் பட்டியல், டொமைன் மோதல் ஆகிய நான்கில் எவற்றைப் பார்க்காமலேயே விலக்கலாம்? எந்த இரு பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்? ஸோனைத் திருத்திய பின்னரும் சர்வர் டேப்பைக் காணவில்லை எனில், அடுத்து யாரிடம் செல்ல வேண்டும்?